மொத வாய் ஜின்

எங்க ஊரு ஆம்பளைங்களுக்குக் குடிக்கத் தெரியாதுன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. தெனம் அதைத்தானே செய்யிறாங்கன்னு கேப்பீங்க. ஒயின் ஷாப் வாசல்ல ஒரு நாள் நின்னு பாருங்க, நான் சொல்றது புரியும். பிளாஸ்டிக் கப்புல பிராந்தி, மேல கொஞ்சம் தண்ணி, மூச்சைப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கு. அப்பறம் வெளக்கெண்ணெய் குடிச்ச கொழந்தை மாதிரி மூஞ்சியைச் சுளிச்சி, ஊறுகாயை நக்கி, காறித் துப்பிட்டு அடுத்த கப்பு. அவ்ளோ கண்றாவியா இருந்தா எதுக்குடா குடிக்கிறீங்க? வெளக்கெண்ணெய்யாவது வயித்தைக் கழுவும்.

எங்க வூட்டுக்காரரு மரக்காணத்து உப்பளத்துல மேஸ்திரி. உப்பு வார்ற வேலை விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். வெயில் ஏறினப்பறம் பாத்தியில நிக்க முடியாது, கண்ணு கூசும், காலு வெந்துடும். பத்து மணிக்கெல்லாம் ஆளுங்களை அனுப்பிட்டு அவரும் கெளம்பிடுவாரு. ஆனா வூட்டுக்கு இல்ல. கடை தொறக்கிறது பன்னெண்டு மணிக்கு. பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எதிர்ல புளியமரத்தடியில கூட்டாளிங்க ரெண்டு பேரோட உக்காந்து, மூடின ஷட்டரையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ரேஷன் கடையில அரை மணி நேரம் நில்லுங்கன்னா இந்த ஆளுக்கு இடுப்பு வலி வந்துடும்.

குடிச்சிட்டு அந்த உச்சி வெயில்ல பைக்கை எடுத்துக்கிட்டு ஈசிஆர் ரோட்டுல வருவாரு. ரெண்டு தடவை வுழுந்துட்டாரு. மொத தடவை முன்பல்லு ஒண்ணு போச்சி. ரெண்டாவது தடவை பின்னாடி வந்த லாரிக்காரரு பிரேக் போட்டதால தப்பிச்சாரு. அந்த டிரைவரே இவரை ஏத்திக்கிட்டு வந்து எங்க வாசல்ல எறக்கி வுட்டுட்டு, என்னைத்தான் திட்டிட்டுப் போனாரு. "புருசனைப் புடிச்சி வையும்மா, எங்க வயித்துல அடிக்காதீங்க"ன்னாரு. என்னமோ நான்தான் ஊத்திக் குடுத்து அனுப்பின மாதிரி.

குடிக்க வேணாம்னுகூட நான் கேக்கலைங்க. மதிய சோத்துக்கு அந்த ஆளு கை காலோட வூடு வந்து சேரணும், அவ்ளோதான் எனக்கு வேணும். அதுக்காக அழுதேன், பட்டினி கெடந்தேன், கோயில்ல மாவெளக்கு போட்டேன், பைக் சாவியை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சி வச்சேன். சாவி இல்லன்னா கூட்டாளி வண்டியில போயிட்டு, அவனை வுட இவரு நெறைய குடிச்சிட்டு வருவாரு.

அப்பறம்தான் நான் பாண்டிக்குப் பக்கத்துல பெரிய முதலியார்சாவடியில ஒரு மேடம் வூட்டுல சமையல் வேலைக்குப் போனேன். மெட்ராஸ்ல பெரிய ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, கடல் பாத்தாப்புல வாடகைக்கு எடுத்துத் தனியா இருந்தாங்க. சாயங்காலம் நான் கெளம்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு கிளாஸ் கலந்து வைக்கணும். கிளாஸ் நெறைய ஐஸ், அரை எலுமிச்சம்பழம், ஒரு ஸ்பூன் சக்கரைப் பாகு, அளந்து ஜின்னு, மேல சோடா. அதுக்கு அவங்க பண்ற அலப்பறை இருக்குதே! பழத்தை அழுத்திப் புழியக் கூடாதாம், கசந்துடுமாம். ஸ்பூனால அடிச்சிக் கலக்கக் கூடாதாம், சோடா கோச்சிக்குமாம். ஒரு நாள் குட்டி பாட்டில்லேர்ந்து ரோஸ் கலர் உப்பை விரல் நுனியில எடுத்து மேல தூவிட்டு, "இது மலையிலேர்ந்து வர்ற உப்பு, தெரியுமா?"ன்னாங்க. உப்பளத்து மேஸ்திரி பொண்டாட்டிக்கிட்ட! தெரியும் மேடம்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் நான் நல்லா கவனிச்சேன். அந்தம்மா ஒரு கிளாஸ்தான் குடிப்பாங்க. சேர்ல சாஞ்சிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா, ஒரு மணி நேரம். முடிஞ்சதும் பாட்டிலை மூடி அலமாரியில வச்சிட்டு டிவி பாப்பாங்க. குடிச்சிட்டு ஒருத்தரு சும்மா உக்காந்து டிவி பாக்கறதை நான் வாழ்க்கையில அங்கதான் பாத்தேன். மேடம் மகன் வூட்டுக்கே போய்ச் சேர்றேன்னு வூட்டைக் காலி பண்ணப்ப, பழைய பொடவை நாலும் ரெண்டு ஜின்னு பாட்டிலும் இருந்தது. ஒண்ணு பாதி, ஒண்ணு சீல் ஒடைக்காதது. "தூக்கிப் போட்டுடு"ன்னாங்க. நான் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

ரெண்டும் பாண்டியில வாங்கினது, பாண்டி பாட்டில் எங்க பக்கம் கொண்டாந்தா கேஸ் போடுவாங்க. பஸ்ஸை நிறுத்தி போலீஸ் ஏறினப்ப பொடவையை இழுத்து பாட்டில் மேல மூடினேன். ஆம்பளைங்க பையை எல்லாம் கிண்டிக் கெளறிட்டு, என் பையில பழைய பொடவையைப் பாத்துட்டு எறங்கிப் போயிட்டாங்க. சமையல்காரி பையில வேற இன்னா இருக்கப் போவுது?

மறுநாள் காலையில அவருக்கு போன் பண்ணேன். "ஏங்க, மரத்தடியில காய வேணாம், வூட்டுக்கு வாங்க, சரக்கு இருக்குது"ன்னேன். கல்யாணமாயி அவ்ளோ வேகமா அந்த ஆளு வூட்டுக்கு வந்தது அன்னைக்குத்தான். கொழந்தைங்க டானிக் பாட்டில் மேல கவுத்து வச்சிருப்பாங்களே பிளாஸ்டிக் மூடி, அதுல மூணு மூடி அளந்து ஊத்தினேன். அரைப் பழம் அழுத்தாம புழிஞ்சி, சக்கரைப் பாகு, சோடா, எங்க உப்பளத்து உப்புலேயே ஒரு சிட்டிகை.

கிளாஸைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு. மூஞ்சி மாறிடுச்சி. "இன்னாடி இது, தண்ணி மாரி இருக்குது?"

"ஜின்னுங்க."

"சாராயமாடி? ஆளைத் தீத்துக் கட்டலாம்னு பாக்கறியா?"

வெள்ளைச் சரக்குன்னா எங்க பக்கம் அப்படித்தான். கள்ளச்சாராயத்துல கண்ணு போனவங்க, உசிரு போனவங்க கதையைக் கேட்டே வளந்தவங்க நாங்க. அது புரியுது. ஆனா அடுத்தது சொன்னாரு பாருங்க. மோந்து பாத்து, தைலம் மாதிரி வாடை வருது, தரை தொடைக்கிறதான்னு கேட்டுட்டு, கிளாஸை என் பக்கம் நீட்டினாரு.

"நீ மொதல்ல ஒரு வாய் குடிச்சிக் காட்டு."

மாமியாரு பக்கத்துல முருங்கைக்கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தாங்க. "ஆமா, அவளே குடிக்கட்டும் மொதல்ல"ன்னாங்க, தலையைக்கூடத் தூக்காம. நான் குடிச்சேன். ஒரு வாய் பத்தாதுன்னு ரெண்டு வாய் குடிக்க வச்சாரு. அப்பறம் செல்போன்ல மணி பாத்துக்கிட்டு பத்து நிமிஷம் என் மூஞ்சியையே பாத்தாரு, எனக்குக் கண்ணு சொருகுதா, நொரை தள்ளுதான்னு. அம்மாவும் புள்ளையும் சேந்து பாத்தாங்க. நான் சாவலைன்னு தெரிஞ்சப்பறம் வாங்கிக் குடிச்சிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் இருக்குது"ன்னாரு.

த்தூன்னு இருந்தது எனக்கு. ஆனா நெனச்சது நடந்துச்சே! தெனம் பத்தரை மணிக்கு பைக் சத்தம் வாசல்ல கேக்கும். மூணு மூடி, ஒரு கிளாஸ், அப்பறம் சோறு, அப்பறம் தூக்கம். பக்கத்துத் தெருவுல எல்லாம் பேசினாங்க, பொண்டாட்டியே ஊத்திக் குடுக்கிறாளாம், வெக்கங்கெட்டவன்னு. மாமியாரு போற வர்றவங்ககிட்டல்லாம், என் புள்ளையைக் கெடுக்கிறதே இவதான்னு மூக்கைச் சிந்தினாங்க. புள்ளை முன்பல்லு இல்லாம இளிச்சிக்கிட்டு நின்னப்ப அந்த மூக்கு எங்க போயிருந்ததோ தெரியல. புருசன் முழுசா வூட்டுல படுத்துத் தூங்கறான், எவ இன்னா பேசினா எனக்கென்னன்னு இருந்தேன்.

மூணு வாரம். அதுக்கு மேல அந்த ஆளுக்கு நல்லது தாங்கலை. கூட்டாளிங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. பொண்டாட்டி வெளிநாட்டுச் சரக்கு கலக்கறான்னு பெருமை பீத்தி இருக்காரு. நம்ம பிரிட்ஜுல ஒரு ட்ரே ஐஸ்தானே இருக்கும், அது பத்தலைன்னு ஒருத்தன் போயி மீன் மார்க்கெட்டுலேர்ந்து ஒரு கட்டி ஒடைச்சி கோணிப்பையில கொண்டாந்தான். அதைக் கழுவாமலே கிளாஸ்ல போட்டான். ஜின்னு மேல மீன் செதிலு மொதக்குது. "டேஸ்ட் சூப்பரு அண்ணி"ன்னு குடிக்கிறான் பாவி! அந்த மேடம் பாத்திருந்தா அங்கயே மயக்கம் போட்டிருப்பாங்க.

அண்ணி ஒரு ஆம்லெட், அண்ணி இன்னும் ரெண்டு மூடி ஊத்துங்கன்னு கேட்டாங்க. அப்பறம் மூடி எதுக்குன்னு பாட்டிலையே எடுத்துக்கிட்டாங்க. பழத்தை முறுக்கிப் புழிஞ்சி, கசக்குதுன்னு என்னையே திட்டினாங்க. நாலு நாள்ல ரெண்டு பாட்டிலும் காலி. சனியன் தொலைஞ்சிதுன்னு நெனச்சேன். மறுநாள் பத்தரை ஆச்சி, பதினொண்ணு ஆச்சி, பன்னெண்டு ஆச்சி, பைக் சத்தம் கேக்கலை. போன் பண்ணா எடுக்கலை. சோத்தை வடிச்சி வச்சிட்டு வாசப்படியிலேயே நின்னேன்.

ஒண்ணரை மணிக்கு ஷேர் ஆட்டோவுல வந்து எறங்கினாரு. சட்டை கிழிஞ்சி, ஒரு பக்கம் முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் தோலு இல்ல. பாண்டிக்கே போயி, அங்கயே ரெண்டு ஊத்திக்கிட்டு, திரும்பி வர்றப்ப கூனிமேடு தாண்டி வண்டியோட சரிஞ்சிருக்காரு. நான் ஐயோன்னு ஓடிப் போயி புடிச்சேன். அந்த ஆளு என்னைப் பாத்து இளிச்சிட்டு, சட்டைக்குள்ள கையை வுட்டு எடுத்தாரு. புது ஜின்னு பாட்டிலு.

"பாட்டிலுக்கு ஒண்ணும் ஆவலைடி"ன்னாரு.

அதைத்தான் மார்போட அணைச்சிக்கிட்டு வுழுந்திருக்காரு. கையை ஊனி இருந்தா தோலு போயிருக்காது. எனக்கு அழுகை வரலை. பயம்கூட வரலை. இத்தனை வருஷம் இந்த ஆளு உசிருக்காக எத்தனை சாமியைத் தொந்தரவு பண்ணோம்னு அசிங்கமா இருந்தது.

மறுநாள் கட்டுப் போட்ட கையோட நடுக்கூடத்துல உக்காந்து ராஜா மாதிரி கூப்பிட்டாரு, கூட்டாளிங்க ரெண்டு பேரும் நலம் விசாரிக்க வந்திருந்தாங்க. நான் போயி ஒழுங்கா கலந்தேன். மேடம் வூட்டுல கலக்கற மாதிரி, பிரிட்ஜ் ஐஸ், அழுத்தாம புழிஞ்ச பழம், அளந்த ஜின்னு, ஸ்பூனால அடிக்காம ஒரே ஒரு சுத்து. மூணு கிளாஸை அவங்க முன்னாடி வச்சேன். நாலாவது கிளாஸை எடுத்துக்கிட்டு எதிர் சேர்ல உக்காந்து குடிச்சேன்.

ருசியா இருந்ததுங்க. அதைச் சொல்லியே ஆவணும். வெயிலுக்கு சில்லுன்னு, புளிப்பும் இனிப்புமா, கடைசியில நாக்குல லேசா உப்பு. இதையா இந்த நாய்ங்க மீன் ஐஸ் போட்டுக் குடிச்சிதுங்கன்னு தோணிச்சி.

கூட்டாளிங்க ரெண்டு பேரும் கிளாஸைத் தொடவே இல்ல. ஒருத்தன் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடினான். மாமியாரு தலையில அடிச்சிக்கிட்டு, "குடும்ப மானம் போச்சே, பொம்பளை குடிக்கிறாளே"ன்னு தெருவைக் கூட்டினாங்க. எங்க வூட்டுக்காரரு எழுந்து நின்னாரு.

"பொம்பளை குடிக்கிற வூடாடி இது?"

"மொத கிளாஸுல மொத வாய் யாருங்க குடிச்சது? நீங்கதானே குடிக்கச் சொன்னீங்க? அத்தையும்தானே சொன்னாங்க?"

"அது வேற."

"இன்னா வேற?"

விஷமா இருந்தா நான் குடிச்சி சாவலாம், ருசியா இருந்தா நான் தொடக் கூடாது. அவ்ளோதான் வேற. அதை நான் அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். அந்த ஆளு பாட்டிலை எடுத்துக்கிட்டு பின்கட்டுக்குப் போயி, முருங்கை மரத்தடியில கவுத்துட்டு வந்தாரு. உசிரைக் குடுத்துக் காப்பாத்தின பாட்டிலு.

அன்னையிலேர்ந்து அவரு தொடலை. நான் தொடுவேனோன்னு பயம். ஊருல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? பொண்டாட்டிக்காக வுட்டுட்டாராம், என்ன மனுசன்யான்னு. அவரும் ஆமான்னு தலையை ஆட்டிக்கிறாரு. பல்லு போச்சி, தோலு போச்சி, லாரிக்கு அடியில போயிருக்கணும், அதுக்கெல்லாம் வுடலை. நான் பட்டினி கெடந்ததுக்கு வுடலை. என் வாயிலேர்ந்து வாடை வந்ததும் வுட்டுட்டாரு. ஆனா மதியம் பைக் சத்தம் கேக்கறப்ப இப்பவும் நெஞ்சு லேசாவுது, அந்தக் கண்றாவியையும் சொல்லித்தானே ஆவணும்.

இப்பவும் வெயில் காலத்துல மதியம் நான் எலுமிச்சம்பழம் அறுப்பேன். அதே கிளாஸ், அதே ஐஸ், சக்கரைப் பாகு, சோடா, அளத்து உப்பு, ஜின்னு மட்டும் இல்ல. கத்தி சத்தம் கேட்டதும் அவரு எழுந்து வந்துடுவாரு. நான் வாயில வைக்கறதுக்கு முன்னாடி கிளாஸை வாங்கி மோந்து பாப்பாரு. மாமியாரு உள்ளேர்ந்து, "இன்னாடா?"ன்னு கேப்பாங்க.

மொத நாள் அப்படி மோந்து பாத்துட்டு, "வெறும் ஜூஸுதான்"னு என்கிட்ட நீட்டினாரு. நான் வாங்கலை.

"மூக்குக்கு இன்னாங்க தெரியும்? நீங்க மொதல்ல ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க"ன்னேன்.

குடிச்சாரு. நான் செல்போனை எடுத்து மணி பாத்துக்கிட்டு, பத்து நிமிஷம் அவரு மூஞ்சியையே பாத்தேன்.