ரிங் போகுது, எடுக்கலை

எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவளுக்குக் காது கேட்கவும் வேண்டும், கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். கால் ஊனம் என்பதால் எனக்குக் கிடைத்த பூத் அது. ஊர் ஊராக ஜனங்கள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிப்போன காலம். மிச்சமிருந்தவர்கள் என் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது என் வாயில் வந்த வார்த்தை 'ரிங்'. ஜனங்களோடு பேசிப் பிழைக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு வார்த்தை இருக்கும். என்னுடையது என்னென்ன செய்தது என்று சொல்கிறேன்.

பத்து ரிங்

புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து முனுசாமி என்றொரு விவசாயி வந்தார். மனைவியை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். ஊரிலோ விடாத மழை, கிணற்றின் ஒரு பக்கம் மண் சரிந்துகொண்டிருந்தது. உள்ளே இறக்க சிமெண்ட் ரிங் பத்து வேண்டும் என்றார். சித்தூரில் ரிங் வார்ப்பவரின் நம்பரைச் சீட்டில் எழுதி எடுத்துவந்திருந்தார். நான் நம்பரைப் போட்டுவிட்டு, வழக்கம்போல, "ரிங் போகுது" என்றேன்.

"போவுதா? அதுக்குள்ளயா? எத்தினி?"

நானும் யோசிக்காமல், "இதோட ஆறு" என்றேன். "பத்து இல்ல சொன்னேன்?" என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். அவர் எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மறுமுனையில் போனை எடுப்பதற்குள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பின்னாலேயே கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மனைவி கூட இருந்தார், தேறியிருந்தார். "ரிங் கிடைச்சுதா அண்ணா?" என்று கேட்டேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"ஊருக்குப் போயி, ஆள அனுப்பிச் சொல்லி, லாரில ரிங்கு வந்துச்சும்மா. கெணறுதான் இல்ல."

ரெண்டா, மூணா

ரங்கநாயகி மாமியின் வீட்டுக்காரர் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். ஒரே பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயிருந்தான். அங்கிருந்து பேச ஏகப்பட்ட செலவு என்பதால் தாயும் பிள்ளையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் பூத்துக்கு அடிப்பான். ரெண்டு ரிங்கில் நின்றால் சௌக்கியம். அங்கே மருமகளுக்கு மாதம் நிறைந்திருந்தது. மூணு ரிங் என்றால் பிரசவம் நல்லபடியாக ஆயிற்று என்று அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது. மாமி பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடித்து எண்ணிவிட்டு, துளசி வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமை ஓட்டல்காரர் ஒருவர் பெங்களூர் போனுக்காகத் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். போன் அடித்தது. ரெண்டாவது ரிங்கிலேயே பழக்க தோஷத்தில் என் கை போய்விட்டது. "ஹலோ" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. மடித்த விரலோடு மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அப்போதுதான் வீடு மாறியிருந்தான், திருப்பிக் கூப்பிட நம்பர் இல்லை. அவனும் 'யாரோ எடுத்துவிட்டார்கள், கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டான், அடுத்த சனிக்கிழமையும் அடிக்கவில்லை. பதினைந்து நாள் மாமி சரியாகச் சாப்பிடவில்லை என்று பூக்காரி சொன்னாள். கடிதம் வந்த அன்று மாமி கற்கண்டோடு வந்தார். பேத்தி.

"எடுத்துக்கோ. நீ அன்னிக்குக் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா, நான் பதினஞ்சு நாள் முன்னாடியே பாட்டியாயிருப்பேன்."

வெள்ளிக்கிழமை ரிங்

இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. செல்வி நகரிக்காரி. இங்கே ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தாள். கல்யாண மோதிரத்தை விற்றுத்தான் புருஷனைக் குவைத்துக்கு அனுப்பினாள். ஒரு நாள் அவன் அடித்தபோது அவள் வேலையில் இருந்தாள். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரிங் குடுக்கிறேன்னு சொல்லுங்கக்கா" என்றான். சாயங்காலம் அவள் வந்தபோது நான் வேறொருவருக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "வெள்ளிக்கிழமை உனக்கு ரிங் குடுக்கிறாராம்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அதே வாரம் அவனோடு வேலை செய்கிற நகரிக்காரர் ஒருவர் லீவில் ஊர் வந்திருந்தார். அவரிடம்தான் மோதிரம் கொடுத்தனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே அவள் நகரிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பத்து மணிக்கு அடித்தான். பத்தரைக்கு அடித்தான். மெஸ்ஸுக்கு ஆள் அனுப்பினேன், லீவு என்றார்கள். பதினொன்றுக்கு அடித்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு என்னப் பாலைவனத்துல ஆட்டுப் பட்டிக்கு அனுப்புறாங்கக்கா. அங்க போன் கெடையாது. அவ கொரல ஒருவாட்டி கேட்டுக்கலாம்னுதான்."

சாயங்காலம் செல்வி வெறுங்கையோடு வந்தாள். மோதிரத்தை விழுங்கிவிட்டதாக லீவில் வந்தவர் வீட்டோடு சண்டை வேறு போட்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. போனை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பதினோரு மாதம் அவனிடமிருந்து சத்தமே இல்லை. உயிரோடு திரும்பி வந்தான் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல். அன்று படியிறங்கும்போது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"போன் பண்றாருன்னு சொல்லியிருந்தா, எங்கியும் போவாம இங்கியே குந்திக்கினு இருந்திருப்பேனேக்கா."

கிணற்றுக்கு உறை, போனுக்கு மணி, விரலுக்கு மோதிரம் என்று தமிழில் மூன்று வார்த்தைகள் சும்மாவே கிடந்தும், பன்னிரண்டு வருஷம் ஒற்றை வார்த்தையிலேயே சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவள் நான்.