துரை கைக்குப் போன வழக்கு

நான் அவரிடம் பதினொரு வருஷம் சுருக்கெழுத்து குமாஸ்தாவாக இருந்தேன். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜில்லா ஜட்ஜ் வரை உயர்ந்த நம்மவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் இவர் ஒருவர். ஊர் வைத்த பெயர் 'ஊமை ஜட்ஜ்'. தீர்ப்பு வாசிக்கும்போது மட்டும்தான் அவர் குரலைக் கேட்க முடியும்.

திமிர் இல்லை, பேச ஆளில்லை. துரைமார் கிளப்பில் அவருக்கு இடம் கிடையாது. வக்கீல்களோடு பழகினால் நாளைக்கே ஒரு பேச்சு கிளம்பும். மூன்று வருஷத்துக்கொரு மாற்றல். மூன்றாவது ஊரில் மனைவி டைபாய்டில் போய்ச் சேர்ந்தார். பிள்ளையில்லை. சாயங்காலமானால் பங்களாவின் பின்சுவரில் தனியாக டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டிருப்பார். "ஐயாவோட பார்ட்னர் இதுவரைக்கும் தோத்ததே இல்லைங்க" என்பார் கோர்ட் டவாலிச் சேவகர்.

அவருக்கென்று இருந்த ஒரே வீடு அண்ணன் வீடு. அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். கோர்ட் விடுமுறை விட்டால் முதல் ரயிலில் அங்கே போய்விடுவார். அண்ணன் மகனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

அந்த மகன்தான் இருபத்துமூன்று வயதில், எங்கள் ஜில்லாவில் ஒரு அச்சகத்தில் அரசாங்கத்தை எதிர்த்து நோட்டீஸ் அடித்ததாகப் பிடிபட்டான். வழக்குக் கட்டை அவர் மேஜையில் வைத்தேன். பெயரைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

"இவன் என் அண்ணன் பையன்" என்றார்.

எனக்கு அதுவரை தெரியாது. அவர் சின்ன வயதிலேயே பெரியப்பாவுக்குச் சுவீகாரம் போனவர், இனிஷியல் வேறு. கோர்ட்டில் ஒருவருக்கும் இந்த உறவு தெரியாது.

அன்று சாயங்காலமே அண்ணன் பங்களாவுக்கு வந்துவிட்டார். நான் முன்னறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"நாம அண்ணன் தம்பின்னு இங்க யாருக்குத் தெரியும்? நீயே விசாரிடா. அவனை விட்டுடுன்னு சொல்லலை. நியாயமா விசாரிச்சாப் போதும்."

"தெரிஞ்சே மறைச்சா அதுல நியாயம் எங்கண்ணே இருக்கு?"

"அப்போ துரை கையில குடுத்துடுவே?"

 அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில், பிடிபட்டவன் தன் அண்ணன் மகன் என்று மேல்கோர்ட்டுக்கு அவர் இரண்டு வரிக் கடிதம் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். வழக்கு பக்கத்து ஜில்லா ஜட்ஜ் துரையிடம் போனது. ஐந்து வருஷம் கடுங்காவல். அப்பீலும் தள்ளுபடி. தீர்ப்பின் நகலை வரவழைத்து இரண்டு தடவை படித்தார். "ஆறு மாசத் தண்டனைக்கு மேல நிக்காத வழக்கு" என்றார். எனக்குச் சொன்னாரா, காகிதத்துக்குச் சொன்னாரா தெரியாது. அண்ணனுக்கு எழுதிய நாலு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்தன. விடுமுறைகளில் அவர் எங்கும் போகவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் நான் அவர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மறுவருஷம் ஒரு பகலில், ஜெயிலிலிருந்து விடுதலையான அண்ணன் மகன் வந்து நின்றான். பாதி உடம்பாக இளைத்திருந்தான், ஓயாத இருமல்.

"அப்பாவுக்குத் தெரியாம வந்தேன் சித்தப்பா" என்று ஒரு காகிதத்தை நீட்டினான். அதில், ஜெயிலில் எழுதப்படிக்கத் தெரியாமல் கிடக்கும் பதினான்கு பேரின் பெயர்கள். "இவங்களுக்கு யாரும் அப்பீல் எழுதித் தரலை. நீங்க எழுதணும்."

"என்மேல கோபமில்லையாடா?"

"இருக்கு. முதல்ல இதை எழுதுங்க."

எழுதினார். நான் டைப் அடித்தேன். அந்தப் பதினான்கில் ஐந்து பேர் வெளியே வந்தார்கள். அப்புறம் வேறு ஜெயில்களிலிருந்தும் பெயர்கள் வந்தன. அவன் மாதம் ஒருமுறை வருவான். வேலையைப் பேசுவான், போவான். சாப்பிட மட்டும் உட்கார மாட்டான்.

அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நானும் கூடப் போனேன். வாசலில் யாரோ, "ஜட்ஜ் ஐயா வந்திருக்காரு, வழி விடுங்க" என்றார்கள். முற்றத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கீழே பாயில் இருந்தார்கள். அவர் அந்த வீட்டுக்கு வந்துபோய்ப் பல வருஷமாகிவிட்டது; உடன்பிறந்தவர் என்று அங்கே பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அவர் நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள்.