மூச்சு விடச் சொல்ல ஓர் ஆள்

பித்தப்பைக் கல்லுக்காகச் செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் என் வயிற்றைத் திறந்தார்கள். தாராவியில் இட்லி மாவு விற்கிறவனுக்குக் கடையை அடைப்பதே பெரிய ஆபரேஷன். அறுக்கும்போது ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுத்தார்களாம். விழித்ததும் வலிக்கிறது என்று நான் போட்ட கூச்சலுக்கு மார்ஃபினும் ஏற்றினார்கள்.

அதன் பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை. மூச்சு விடுவதே தேவையில்லாத வேலையாகத் தோன்றியது. இதுவரை விட்டது போதாதா என்று கிடந்தேன். தலைமாட்டில் மெஷின் கத்தியது. “அங்கிள், லம்பா சாஸ் லோ” என்று, நீளமாக மூச்சிழுக்கச் சொல்லி நர்ஸ் அதட்டினாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி மறந்துபோனேன்.

மயக்க டாக்டர் மாட்டுங்காத் தமிழ் அம்மாள். ஊசியும் கையுமாக நின்றபடி என் மனைவியை உள்ளே அழைத்தார்.

“ரத்தத்துல கெட்ட காத்து சேர்ந்தா மூளை தானா மூச்சு விடச் சொல்லும். இந்த மருந்து அதை மந்தமாக்கிடுத்து. யாராவது சொன்னா விடறார். இந்த மாத்து மருந்தைப் போட்டா மூச்சு வந்துடும், வலியும் மொத்தமாத் திரும்பிடும். கொஞ்சம் பார்ப்போம். நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுண்டே இருங்கோ.”

அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகனைத்தான் சொல்லச் சொல்வாள்.

“பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிரும் டாக்டரம்மா.”

“இப்பவே குறைஞ்சுண்டுதாம்மா இருக்கு.”

அவள் என் காதருகே குனிந்தாள். “ஏங்க, கடைக்கு ஆள் வந்திருக்கு.”

கண் திறந்தது. மூச்சும் வந்தது.

“ரெண்டு கிலோ மாவு கேக்காங்க.”

இன்னொரு மூச்சு.

“எதுத்த கடையில வாங்கிக்கிடுதோம்ங்காங்க.”

அன்றைக்கு நான் விட்டதிலேயே பெரிய மூச்சு அதுதான். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

மருந்தின் வேகம் குறையக் குறைய வலி மெல்ல எட்டிப் பார்த்தது, மூச்சும் தானாக நடந்தது. “ஆன்ட்டி, பஸ்” என்று நர்ஸ் போதுமென்றாள். என் மனைவி நகரவில்லை. தொண்டை கட்டிய பிறகும் மாவு விற்றுக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. தையல் இழுக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும், பகலில் நான் கண்ணயர்ந்தால் ஈரக் கையோடு வந்து என் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறாள். விழித்திருந்தாலும் நான் கண்ணைத் திறப்பதில்லை. அவள் கையை எடுக்கும்வரை ஒழுங்காக மூச்சு விடுகிறேன்.