கண்மாய்க்குள் கோல்ஃப்

என் கணவர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் விற்பனை மேனேஜர். எண்பதுகளின் கடைசியில் அவருடைய முதலாளிக்கு கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. நூல் வாங்க வரும் வடநாட்டுக்காரர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப்போய் ஆடுவார். கூட நின்று ஆடத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த பதவி என்று மில்லில் பேச்சு அடிபட்டது. உடனே என் கணவர் ஒரு பழைய மட்டையும், பை நிறையப் பந்துகளும், படம் போட்ட ஒரு ஆங்கிலப் புத்தகமும் வாங்கிவந்துவிட்டார். எங்கள் ஊரில் புல்தரைக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் வற்றிக் கிடந்த கண்மாய்தான் மைதானம்.

அவர் அடித்தால் மண்தான் பறக்கும். தப்பித்தவறிப் பந்து கிளம்பினால் வலப்பக்கம் வளைந்து கருவேல முள்ளுக்குள் விழும். புத்தகத்தில் ஒவ்வொரு பிழைக்கும் வைத்தியம் சொல்லியிருந்தது. மட்டையை இறுக்காதே, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடி. தோளைத் தளர்த்து. பந்தில் மட்டை படும்வரை தலையைத் தூக்காதே. இந்தக் கடைசிதான் அவருக்குக் கைவரவே இல்லை. பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற அவசரத்தில், அடிக்கும் முன்பே முகம் மேலே போய்விடும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து நான். ஒட்டடைக் கம்பின் நுனியில் துணியைச் சுற்றி, எட்ட நின்று அவர் நெற்றியில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆடு மேய்க்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். பந்து கோணலாகப் போனால் நான் கம்பை ஆட்டிவிட்டேன் என்பார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அடி விழும்.

ஒருநாள் அறைந்த வேகத்தில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மோதி என் முன்பல் உடைந்தது. இன்னொரு நாள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் இடித்தார். அடி பொறுக்க முடியாதபோதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவேன். அங்கே மடவார் வளாகத்தில்தான் அண்ணன் வீடு. அப்பா அம்மா போனபிறகு எனக்கு அவன் ஒருவன்தான். மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம், தன்னை மறந்து கையை நீட்டிவிடுகிறார், செத்த பொறுத்துப் போ என்பான். மறுநாள் அவனே என்னைக் கொண்டுவந்து விட்டு, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து காபி குடிப்பான். அந்தக் காபியையும் நான்தான் போட வேண்டும்.

தன்னை மறந்து அடிக்கிறார் என்பதை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அடுப்படியில் பெல்ட்டால் அடித்தபோதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். பிடி இறுகவில்லை. தோள் தளர்ந்திருந்தது. கண் என்மேலேயே இருந்தது. தலை இம்மியும் அசையவில்லை. புத்தகம் சொன்ன அத்தனையும் அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. வலியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது எனக்கு.

அன்றும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்றும் கொண்டுவந்து விட்டான். இந்தத் தடவை இங்கே விட்டுவிட்டுப் போனால் என்னைப் பிணமாகத்தான் பார்ப்பான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. என் கணவரோ ஒன்றும் நடக்காததுபோல, ஆட்டத்தைக் காட்ட அவனைக் கண்மாய்க்கு அழைத்துப்போனார். நான் கம்போடு பின்னால் போனேன்.

அடித்த பந்தெல்லாம் முள்ளுக்குள் போனது. பந்துக்கு மாப்பிள்ளையைக் கண்டாலே பயம்போல என்று அண்ணன் கேலி செய்தான். அவர் முகம் கறுத்தது.

"இவ கம்ப ஒழுங்காப் பிடிச்சாத்தான மச்சான்" என்றார்.

நான் கம்பைக் கீழே போட்டேன்.

"என்னைய அடிக்கும்போது நீங்க தலையத் தூக்க மாட்டீக. பந்தையும் அப்படியே அடிங்க. நேராப் போகும்."

மட்டை என்னை நோக்கி வந்தது. முகத்தை மறைத்த கையில் விழுந்து, எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த என்மேல் மறுபடி ஓங்கினார். அண்ணன் பாய்ந்து மட்டையைப் பிடுங்கி அவர் முழங்காலில் அடித்தான். அவர் மண்ணில் சுருண்டபிறகும் அடித்தான். நான் விலக்கிவிடவில்லை. அவர் அலறுவதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் என் கையைத் தன் துண்டால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் அழுதான்.

"இம்புட்டு அடிப்பாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சேட்டி."

"ஒவ்வொரு தடவையும் சொன்னேன்ண்ணே. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் கொண்டுவந்து விட்ட."

பெரியாஸ்பத்திரி நிறுத்தம் வரும்வரை நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.