மார்செய் மலையில் நின்ற வெளிச்சம்

மாலை 8.50. மார்செய் துறைமுகத்துக்கு வெளியே, கடலோர வெள்ளைப் பாறைமலை முழுவதும் இளஞ்சிவப்பாகியது. மே விடுமுறைக்கு ஒஸ்லோவின் குரோருட் பகுதியிலிருந்து போன நானும் மனைவியும் உச்சியில் நின்று பார்த்தோம்.

"இஞ்சருங்கோ, இறங்குவம்" என்றாள்.

"வெளிச்சம் கிடக்குத்தானே, கொஞ்சம் இரும்."

"இதென்ன குரோருட்டே, பதினொரு மணிமட்டும் வெளிச்சம் நிக்கிறதுக்கு?"

முக்கால் மணித்தியாலத்தில் காலடி தெரியவில்லை. பாதையின் ஒரு பக்கம் நேரே கடல். கைத்தொலைபேசித் திரையின் சிறு வெளிச்சத்தில், பாறையில் குந்தியிருந்தபடியே அரக்கி அரக்கி இறங்கினோம். கீழே துறைமுகம் முழுவதும் விளக்குகள் எரிந்தபோது, அந்தப் பயத்திலும் இருவரும் அசையாமல் பார்த்தோம்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும், சூரியன் மறையும் நேரத்தை முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அன்று ஒஸ்லோவில் சூரியன் மறைந்தது, மார்செய்யைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிந்தி; அந்தப் பழக்கத்தில்தான் நான் உச்சியில் நின்றுவிட்டேன்.