முதுகு காட்டிய நாடகம்

என் தங்கை நாடகம் போடப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அவளைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அந்த எரிச்சல் கொஞ்சம் கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் பொடிசுதான். வேலை கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்கிற இருட்டு அறையில். வருகிறவர்களை உட்கார வைத்து, மூக்கின் மேல் அந்தக் கனமான சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இது தெளிவா? இல்ல, இது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். கேட்டுக் கேட்டு வெளியிலும் அதே பேச்சாகிவிட்டது. ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்க அவளோடு ஒரு தடவை போனேன். கடைக்காரர் அழாத குறை.

கடை மூடியதும் நேரே நாடகக் குழுவுக்குப் போய்விடுவாள். எங்கள் அம்மா இருந்த அதே குழு. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பாடி ஆடுகிறவர்கள் சேர்ந்து நடத்துவது. அவர்களுக்குச் சோறு போடுவது ஒரே நாடகம், 'கலங்கரைக்காரி'. பேச்சைவிடப் பாட்டு அதிகம். கதை எல்லாருக்கும் மனப்பாடம். கலங்கரை விளக்கின் காவலன் கடலுக்குப் போகிறான். அவன் மனைவி விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்கிறாள். அவன் திரும்ப மாட்டான் என்று கடைசியில் செய்தி வருகிறது. தோளில் கிடக்கும் கறுப்புச் சால்வையைக் கழற்றிவிட்டு, மேடையின் முன்னால் வந்து நின்று, 'எண்ணெய் இருக்கும் வரை' என்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள்.

அம்மாவுக்குப் பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எங்கள் சின்ன வயது முழுக்கக் கலங்கரைக்காரி வேஷம் கட்டியது அவள்தான். நாடகம் நடக்கிற நாளில் பொடிசை யாரிடமும் விட முடியாது. அம்மா கண்ணில் படவில்லை என்றால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் மேடையின் பின்மூலையில், பக்கத்திரை மறைவில், அவளுக்கு ஒரு ஸ்டூல். எனக்குத்தான் விவரம் தெரிந்துவிட்டதே. என்னை அப்பாவோடு முன்வரிசையில் உட்கார்த்திவிடுவார்கள். அப்பா இரண்டாம் பாட்டுக்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அம்மா அந்த மூலைக்குப் போவாள். சால்வையைக் கழற்றிப் பொடிசின் கையில் கொடுப்பாள். அவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டுத் திரும்புவாள். திரை இடுக்கு வழியாக முன்வரிசைக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து படுத்தால் பொடிசின் மேல் பவுடர் வாசனை, என் மேல் அப்பாவின் சட்டை வாசனை. அன்றைக்குப் பற்றிய நெருப்பு இது.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவும் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'எண்ணெய் இருக்கும் வரை'யை ஒரு சங்கதி பிசகாமல் பாடுவேன். அம்மாவுக்குப் பிறகு அந்த வேஷத்தைக் குழுத் தலைவரின் கொழுந்தியாள் கட்டினாள். அவள் பாடிய அழகைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை. என் முறை வரும் என்று காத்திருந்தேன். பிறகு பொடிசை டைரக்டர் ஆக்கினார்கள். அவளுக்குக் கொம்பா முளைத்திருக்கிறது என்று ஒரு நாள் பொருமினேன். மறுநாள் மனசைத் தேற்றிக்கொண்டேன். டைரக்டர் கூடப் பிறந்தவள், இனி வேஷம் வீடு தேடி வரும்.

அது ஒரு பாங்க் கேஷியரின் வீட்டைத் தேடிப் போனது.

"அவகிட்ட அப்படி என்னடி கண்ட?" என்று போனில் கேட்டேன்.

"குரல் நல்லா இருக்குக்கா."

"என் குரலுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. நீ அப்படியே அம்மா பாடுற மாதிரி பாடுற. அதான் பிரச்சினை."

போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் வைத்த குழம்பை என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "டீச்சர், காரம் தூக்கலா இருக்கே, தங்கச்சி நாடகத்துல ஏதாவது விசேஷமா?" என்றார். அந்த மனுஷனுக்கு நேரம் காலம் தெரியாது.

இருந்தாலும் ஒத்திகைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து நினைத்து நினைத்து வேகுவதைவிட நேரில் பார்த்து வேகுவது மேல். வாடகை ஹாலில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலிகளில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, பொடிசு கையில் சாக்பீஸோடு தரையில் கோடு போட்டாள்.

"ஜனங்க இந்தத் தடவை மேடைக்குப் பின்னாடி உக்காருவாங்க," என்றாள். "பின்திரைய எடுத்துடுவோம். நடிக்கிறவங்க எப்பவும் போல காலி ஹாலப் பார்த்துதான் பாடுவாங்க. ஜனங்களுக்குத் தெரியறது முதுகு. கயிறு இழுக்கிறவர், சீப்பு தேடுறவர், அடுத்த காட்சிக்காக நகத்தைக் கடிச்சிட்டு நிக்கிறவர், எல்லாம் தெரியும்."

ஹாலில் ஒரே அமளி. "காசு குடுத்து வர்றவன் முதுகப் பார்க்கவா வருவான்?" என்று பொருளாளர் எழுந்தே விட்டார்.

"நான் இந்த நாடகத்த முதுகுப் பக்கமிருந்துதான் சார் பார்த்தேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வந்துச்சு," என்றாள் பொடிசு. "சரி, ஒண்ணு செய்வோம். ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி. எது தெளிவுன்னு நீங்களே சொல்லுங்க."

கண்ணாடிக் கடை வித்தை. கேஷியர் முதலில் எங்களைப் பார்த்துப் பாடினாள். புருவத்தை நெரித்தாள், நெஞ்சில் கை வைத்தாள். நல்ல குரல்தான், ஆனால் எல்லாரும் செய்கிற எல்லாமும் அதில் இருந்தது. பிறகு திரும்பி நின்று பாடினாள். கழுத்துக்குக் கீழே ஜாக்கெட்டின் ஒரு கொக்கி விட்டிருந்தது. உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது தோள்பட்டை இரண்டும் மெல்ல ஏறி நின்றன, இறங்கவே இல்லை. பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. பொடிசு சொதப்பியிருந்தால் தாராளமாக மன்னித்திருப்பேன்.

அன்றைக்கே மானத்தை விட்டுக் கேட்டேன், "எனக்கும் ஏதாவது குடுடி."

"உனக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கேன், வா." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹாலின் மறுகோடிக்குப் போனாள். முன்வரிசையில் இரண்டு நாற்காலி மட்டும் போட்டிருந்தது. மேலே ஒரு விளக்கு. "இது உன்னுது. பக்கத்துல இருக்கிறது அப்பாவுது, அது காலியா இருக்கும். கேஷியர் முதுகுக்கு அந்தாண்ட, தூரத்துல, நீ தெரியணும்."

"நான் என்ன பாடணும்?"

"பாட வேணாம். பார்த்தா போதும்."

இந்த வயதில் எனக்குக் கிடைத்த வேஷம், நாற்காலியில் உட்கார்வது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு எவளையாவது உட்கார வைப்பாள். அதையும் என்னால் பொறுக்க முடியாது.

அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொடிசு மத்தியான வேளையில் வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்தவள் சமையலறை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கேஷியருக்கு அந்தப் பாட்டுல முகத்த என்ன பண்றதுன்னு தெரியலக்கா. ஜனங்க பார்க்கப் போறதில்லதான். ஆனா முகம் சும்மா இருந்தா முதுகும் சும்மா இருக்கு. அன்னைக்கு வந்தது அப்புறம் வரவே மாட்டேங்குது."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"அம்மா முகம் எப்படி இருக்கும்? நான் அந்தப் பாட்டுல ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. போட்டோக்காரரும் முதல் காட்சியோட போயிடுவார். அழுதாளா? இல்ல, சிரிச்சாளா? அழுகையா, சிரிப்பா, எது?" என் கையிலிருந்த துணியை வாங்கி வைத்தாள். "நீயே வந்து கேஷியருக்குச் சொல்லிக் குடு. அந்தப் பாட்டு முழுக்க உன் பொறுப்பு. நான் பக்கத்துலயே வர மாட்டேன்."

இதற்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன். பவுடர் வாசனையோடு வந்து படுத்தவள் என் வாசல்படியில் உட்கார்ந்து என்னிடம் கேட்கிறாள். பெருமையாக வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. பாட்டு காதில் முழுசாக இருந்தது, அம்மா மூச்சு வாங்குகிற இடம்கூட இருந்தது. அந்த ஸ்டூல் இருந்தது. தலையைத் தடவுகிற கை இருந்தது. சால்வையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கிற பொடிசு இருந்தாள். அம்மாவின் முகம் மட்டும் எங்கே தேடியும் இல்லை. அழுதாள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பாட்டு என் கைக்கு வந்துவிடும்.

"தெரியாதுடி," என்றேன்.

"விளையாடாதக்கா. முன்வரிசையில உக்காந்திருந்தவ நீதானே?"

"உக்காந்திருந்தேன். அம்மாவ யார் பார்த்தா? உன்னத்தான் பார்த்துட்டு இருந்தேன். நீயும் உன் சால்வையும்."

பொடிசு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னையா? நான் உன்னல்ல பார்த்துட்டு இருந்தேன். அப்பா பக்கத்துல, வெளிச்சத்துல, காலாட்டிக்கிட்டு. அம்மாவ நேருக்கு நேரா பார்க்கக் குடுத்து வச்சவன்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்னைத் தடவுறதெல்லாம் ஒரு செகண்ட். பாட்டு முழுக்க அவ உன்னப் பார்த்துதானே பாடினா?"

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. அவள் எழுந்து அடுப்பைத் துடைத்தாள். நான் துணியை எடுத்து மறுபடி மடித்தேன். கிளம்பும்போது, "அப்ப கேஷியருக்கு என்னதான் சொல்றது?" என்றாள்.

"அவளுக்கு வந்தபடி செய்யச் சொல்லு. நான் எதிர்ல உக்காந்து ஒழுங்கா பார்த்துச் சொல்றேன்."

அரங்கேற்றத்தன்று என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அப்பா நாற்காலி. பின்னால் ஹால் முழுக்கக் காலி. மேடைக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகளில் ஜனங்கள் நிழல் நிழலாகத் தெரிந்தார்கள். கேஷியரின் முகம் அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான். இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டுவதில்லை என்று முடிவோடு இருந்தேன்.

கடைசிச் செய்தி வந்தது. கேஷியர் பின்மூலைக்குப் போனாள். அங்கே ஸ்டூலில் இருந்தது பொடிசு. வேறு யாரையும் அவள் அங்கே விடவில்லை. கேஷியர் சால்வையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அவள் தலையை ஒரு தடவை தடவினாள்.

எனக்குக் குபீரென்று பற்றிக்கொண்டது. பாட்டு எழும்பியது, ஏறியது, இறங்கியது. பக்கத்திரை இடுக்கில் பொடிசு சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணும் மேடையில் இல்லை. வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்ட பிறகுதான் பாட்டு முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

ஒப்பனை அறையில் கேஷியர் வியர்வையோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ஒருத்தர்தான் பார்த்தீங்க. அழுதேனா சிரிச்சேனா, எனக்கே தெரியல. எப்படி இருந்துச்சு என் முகம்?"

நான் பொடிசைப் பார்த்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே எங்க அம்மா மாதிரி இருந்துச்சு," என்றேன்.