பொய்க்காரி

அப்பாவின் அடக்கப் பூசையில் மெழுகுவத்தி உருகும் வாசனை எழுந்தது. எனக்குப் பத்து வயதில் நடந்த ஒரு ஞாயிறு நினைவுக்கு வந்தது.

அப்பா எங்கள் மாதா கோயிலில் ஜெபமும் மறைக்கல்வியும் நடத்தும் உபதேசியார். "கிறிஸ்தவன்னா இவர மாதிரி இருக்கணும்" என்று எங்கள் ஊர் தலத்தெருவே சொல்லும். பிச்சை கேட்டு வருபவருக்கும் நாங்கள் சாப்பிடும் தட்டிலேயே சோறு போடுவார். நான் பொய் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார்.

அன்று கோயிலில் திருவிழாக் குழுத் தலைவரின் மகன் மாதா சுரூபத்தைத் தட்டிவிட்டு உடைத்தான். நானும் அப்பாவும் பார்த்தோம். பழியோ, பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் சிநேகிதி மேரியின் மேல் விழுந்தது. அவள் மண்டபத்தூர் மீனவர் வீட்டுப் பெண்.

"மேரி இல்ல சாமி. நான் பாத்தேன், அப்பாவும் பாத்தாங்க" என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன்.

அப்பா குழுத் தலைவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சிநேகிதிக்காகப் பொய் சொல்லுது சாமி" என்றார்.

மேரியைப் பாடற்குழுவிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் வீட்டில் அப்பா ஜெபம் சொன்னபோதெல்லாம் நான் வாயை மட்டும் அசைத்தேன்.

அடக்கம் முடிந்ததும் மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறுவாரமே ஒங்கப்பா எங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாங்க. எங்கம்மாவோட கால்லயே விழப் போயிட்டாங்க. ஒங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. என்னைப் பொய்க்காரி ஆக்கியதை மட்டும் கடைசிவரை அப்படியே விட்டுவிட்டார்.